ஆறு மணி கன்னடப் பூசை

அத்தியாயம் 12

"பதினாலாம் தேதி சனிக்கிழமை மாலை ஆறரை மணிக்கு, மறைந்த திரு. ரெமிஜியஸ் அவர்களின் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலி நடைபெறும். உற்றார் உறவினர் அனைவரையும் குடும்பத்தார் அன்புடன் அழைக்கிறார்கள்."

ஃபாதர் தாளைத் திருப்பி அடுத்த அறிவிப்புக்குப் போய்விட்டார். மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெர்னதெத்துக்கு அதற்குப் பிறகு எதுவும் காதில் ஏறவில்லை.

குடும்பத்தார் அழைக்கிறார்களாமே! எந்தக் குடும்பத்தார்? ரெமிஜியஸின் பெண்டாட்டி அவள். முப்பது வருஷம் அவரோடு குடித்தனம் நடத்தியவள். நவம்பர் மாதமே கோயில் ஆபீசுக்குப் போய், வருஷப் பூசைக்குத் தேதி எழுதிக் கொடுத்தவளும் அவள்தான். எழுதிக் கொடுத்தது பிப்ரவரி நாலாம் தேதி, அவர் இறந்த அதே தேதி. பதினாலு எங்கிருந்து முளைத்தது?

முன்பெஞ்சிலிருந்து இரண்டு தலைகள் திரும்பி அவளைப் பார்த்தன. பார்த்துவிட்டு அவசரமாகப் பீடத்தின் பக்கம் திரும்பிக்கொண்டன. அந்தப் பார்வையின் அர்த்தம் பெர்னதெத்துக்குப் புரியாமல் இல்லை. பதினாலாம் தேதி அவள் பெங்களூரில் இருக்கமாட்டாள் என்பது ஆஸ்டின் டவுன் முழுக்கத் தெரியும்.

பாஸ்போர்ட்டில் விசா ஒட்டி வந்து நாலு நாள்தான் ஆகிறது. அன்றைக்கு அவள் அதைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கிய கூத்தைப் போன வாரம்தான் பார்த்தோம். ஏழாம் தேதி விமானம் ஏறுகிறாள். பதினைந்தாம் தேதி திரும்பி வருகிறாள். போகிற இடம் மால்டா. அங்கே முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸாக இருக்கும் ஆஞ்சலா, கோலார் தங்கவயலில் பத்து வருஷம் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். பன்னிரண்டு வருஷமாக வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். வருகிற மார்ச்சில் அவளுக்கு வேலை முடிகிறது. வீட்டைக் காலி செய்துவிட்டுக் கனடாவுக்கு, மகளிடம் போய்விடுவாள்.

இந்த ஒரு வாரத்தைக் கண்டுபிடிக்க பெர்னதெத் கோயில் காலண்டரை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டியது கொஞ்சமில்லை. நாலாம் தேதி வருஷப் பூசை. அதுவரைக்கும் துக்கம், வெள்ளைப் புடவையும் சாம்பல் புடவையும்தான். பூசை முடிந்ததும் கோயில் வாசலிலேயே பிறந்த வீட்டார் ஒரு கலர்ப் புடவை போர்த்துவார்கள், துக்கம் தீரும். பதினெட்டாம் தேதி விபூதிப் புதன். அன்றிலிருந்து ஈஸ்டர் வரை தவக்காலம். கறியும் மீனுமே வேண்டாம் என்று இருக்கிற நாளில் ஊர் சுற்றப் போவார்களா? ஈஸ்டர் முடிந்த பிறகு போகலாமென்றால், மால்டா இருக்கும், ஆஞ்சலா இருக்கமாட்டாள். ஆக, நடுவில் மிச்சம் இருந்ததே இரண்டு வாரம். அதில் ஒரு வாரத்தைப் பல் டாக்டரிடம் போராடி லீவு வாங்கி வைத்திருந்தாள். இருபத்திரண்டு வருஷமாக அந்த கிளினிக்கின் முன்மேஜையில் உட்கார்ந்திருப்பவள், சேர்ந்தாற்போல் ஏழு நாள் லீவு கேட்டது அதுதான் முதல் தடவை.

பூசையைப் பதினாலுக்குத் தள்ளிவிட்டால் என்ன ஆகும்? ஒன்று, அவள் பயணத்தை விடவேண்டும். இல்லையென்றால், புருஷன் பூசைக்குக்கூட இல்லாமல், துக்கம் தீராத பொம்பளை படகு ஏறிக் கடல் பார்க்கப் போனாள் என்ற பேரை வாங்கிக்கொண்டு போகவேண்டும்.

யாரோ நன்றாக யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள்.

பூசை முடிந்து வெளியே வந்தால், மாதா கெபிக்குப் பக்கத்தில் கிரேஸ் அக்கா நின்றுகொண்டிருந்தாள். ரெமிஜியஸுக்கு மூத்தவள். நீலசந்திராவில் பள்ளிக்கூட டீச்சராக இருந்து ரிட்டையர் ஆனவள். ஆனாலும் தெரு முழுக்க இன்னும் அவளுக்கு வகுப்புதான். கையில் ஒரு கட்டு கார்டு. வருகிற போகிறவர்களுக்கெல்லாம் ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, என்னா இது?"

"ஞாபகார்த்த கார்டு பெர்னி. சிவாஜிநகர்ல குடுத்து அடிச்சேன். ரெமி போட்டோ பாரு, அப்டியே சிரிச்ச மாதிரி வந்திருக்கான்."

"போட்டோவ கேக்கல. தேதிய கேக்குறேன்."

"செகண்ட் சாட்டர்டே. எல்லாருக்கும் லீவு. கேஜிஎஃப்ல இருந்து ட்ரெயின் புடிச்சு வர்றவங்களுக்கும் தோது. புதன்கிழமை வெச்சா யாரு வருவா சொல்லு?"

"ஏழாந்தேதி நான் கெளம்புறேன்னு உங்களுக்குத் தெரியும் இல்ல?"

"தெரியும்மா. தெரியாம என்னா?" கிரேஸ் குரலை ஒரு படி உயர்த்தினாள். சுற்றி நின்றவர்கள் பேச்சை நிறுத்தும் அளவுக்குச் சரியாக உயர்த்தினாள். "நீ தாராளமா போய்ட்டு வா. யாரு வேணாம்னா? எங்க தம்பி பூசைய நாங்க பாத்துக்குறோம். நீ கடலைப் பாரு, கோட்டையைப் பாரு. அப்போஸ்தலர் சின்னப்பருக்கே கப்பல் ஒடஞ்ச ஊராமே அது? ஜாக்கிரதையா போய்ட்டு வா."

சுற்றி நின்ற பெண்கள் தங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்திக்குச் சிரிப்பு வந்து, அதை இருமலாக்கிச் சமாளித்தாள்.

போன வருஷம் வரைக்கும் இருந்த பெர்னதெத் என்றால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கார்டு ஒன்றை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள். இந்த பெர்னதெத்துக்கு உள்ளே ஜிவ்வென்று ஏறியது.

"கப்பல் ஒடஞ்சும் சின்னப்பர் பொழச்சுதான் வந்தாரு அக்கா. பாம்பு கடிச்சும் ஒண்ணும் ஆகல. பைபிள்ல இருக்கு, நீங்கதான் எங்களுக்கு ஞானோபதேசம் எடுத்தீங்க. முப்பது வருஷமா லீவுன்னா ஒண்ணு வேளாங்கண்ணி, இல்லேன்னா உங்க வீடு. ரெண்டு எடத்துலயும் சமைச்சது நான். ஒரே ஒரு வாரம் யாரோ சமைச்சத சாப்ட்டுட்டு வரப்போறேன். அதுக்கு என் புருஷன் பூசைய எங்கிட்ட கேக்காம மாத்துவீங்களா?"

கிரேஸ் அக்காவின் முகம் ஒரு கணம் தடுமாறியது. பெர்னதெத் அதைக் கவனித்தாள். கிரேஸ் தப்பு செய்தால் இன்னும் சத்தமாகத்தான் பேசுவாள், தடுமாறமாட்டாள்.

"நான் மாத்தல பெர்னி. மாத்திட்டாங்கன்னு சொன்னாங்க, நான் கார்டு அடிச்சேன். அவ்ளோதான்."

"யாரு சொன்னாங்க?"

"ஆபீஸ்ல போய் ரிஜிஸ்டர பாரு" என்று சொல்லிவிட்டு, கிரேஸ் அடுத்த ஆளுக்குக் கார்டு நீட்டப் போய்விட்டாள்.

கோயில் ஆபீசில் ஆரோக்கியசாமி அண்ணன் ஞானஸ்நான சர்ட்டிபிகேட் ஒன்றுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தார். தங்கச் சுரங்கம் மூடிய பிறகு பெங்களூருக்கு வந்து இந்த நாற்காலியில் உட்கார்ந்தவர். இந்தக் கோயில் பங்கில் யார் பிறந்தார்கள், யார் போனார்கள் என்பது அவர் விரல்நுனியில் இருக்கும்.

"அண்ணே, பூசை ரிஜிஸ்டர குடுங்க."

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் தடித்த நோட்டைத் திருப்பி வைத்தார். பிப்ரவரி நாலு, புதன், மாலைப் பூசை. அவள் கையெழுத்து இருந்தது. அதன் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில், 'பதினாலாம் தேதிக்கு மாற்றப்பட்டது' என்று ஆரோக்கியசாமியின் எழுத்து. அதற்குக் கீழே ஒரு கையெழுத்து.

அந்தக் கையெழுத்தை அவளுக்குத் தெரியும். மூன்றாம் வகுப்பில் பிராக்ரஸ் ரிப்போர்ட்டில் அப்பா மாதிரியே போட்டுப் பார்த்து மாட்டிக்கொண்டு, அதற்குப் பிறகு சொந்தமாகப் பழகிய கையெழுத்து. க்ளென்.

அவள் பெற்ற மகன்.

"நீங்கதான் அனுப்பிச்சீங்கன்னு தம்பி சொன்னாரும்மா" என்றார் ஆரோக்கியசாமி, பாவமாக. "சொந்தப் புள்ளை வந்து சொல்றப்ப நான் என்னான்னு சந்தேகப்படுறது?"

பெர்னதெத் பெஞ்சில் உட்கார்ந்தாள். நாத்தனார் செய்திருந்தால் கோபப்பட்டுவிட்டுப் போயிருக்கலாம். அந்தக் கோபம் முப்பது வருஷத்துப் பழக்கம். இது நெஞ்சில் வலித்தது. ஒரு நிமிஷம், டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு வீட்டிலேயே கிடந்தால் என்ன என்றுகூடத் தோன்றியது. அப்படித் தோன்றியதுதான் அவளை எழுப்பி நிற்கவைத்தது. இதற்குத்தானே எல்லாரும் காத்திருக்கிறார்கள்!

"அண்ணே, நாலாந்தேதி சாயங்காலம் பூசை எனக்குத் திருப்பி வேணும்."

"குடுத்துட்டேனேம்மா. அம்பதாவது கல்யாண நாளுக்கு நன்றிப் பூசை. அதுல போய் நம்ம துக்கத்த எப்பிடி சேக்கறது?"

"காலையில?"

"காலையில ஆறு மணி பூசை இருக்கு. ஆனா அது கன்னடப் பூசைம்மா. பதினஞ்சு பேரு வந்தா ஜாஸ்தி. பாட்டு கூட இருக்காது. நம்ம ஜனம் யாரும் வராது."

"எழுதுங்க."

"ஸ்வல்ப யோசனை பண்ணும்மா. வருஷப் பூசை இது."

"அண்ணே, பீன்யா ஃபேக்டரில இருவத்தாறு வருஷம் கன்னடத்துலயே சண்டை போட்டு, கன்னடத்துலயே சமாதானம் ஆனவரு எங்க வீட்டுக்காரரு. ஆண்டவருக்கும் கன்னடம் தெரியும். ஜனம் வரலேன்னா என்னா? நான் வருவேன். எழுதுங்க."

ஆரோக்கியசாமி எழுதினார். அவள் கையெழுத்தைப் போட்டாள், வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகவே. போட்டதைப் போனில் படம் பிடித்துக்கொண்டாள்.

"இத யாரு வந்து மாத்தச் சொன்னாலும் மாத்தாதீங்க அண்ணே. நானே அழுதுக்கிட்டு வந்து நின்னாலும் மாத்தாதீங்க."

"சரிம்மா" என்றவர், அவள் வாசலைத் தாண்டும்போது மெதுவாகச் சேர்த்துக்கொண்டார். "எனக்கும் கன்னடப் பூசை பழக்கம்தான். நானும் வரேன்."

க்ளென் அப்போதுதான் எழுந்து, சோபாவில் காலை நீட்டிப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். வைட்ஃபீல்டில் வேலை, வாரம் முழுக்க மெட்ரோவும் டிராஃபிக்கும் தின்றது போக, ஞாயிறு காலை தூக்கம்தான். அவன் சாயங்கால இங்கிலீஷ் பூசைக்குப் போகிற ஆள். அதனால் காலையில் கோயிலில் வெடித்த குண்டு அவனுக்குத் தெரியாது.

பெர்னதெத் நேராகச் சமையலறைக்குப் போனாள். மஞ்சள் சோற்றுக்குத் தேங்காய்ப்பால் பிழிந்தாள். கைமா உருண்டைகளை ஒவ்வொன்றாகக் குழம்பில் விட்டாள். சண்டை போடுவதாக இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு கெடக்கூடாது என்பது அவள் கட்சி. தட்டை வைத்து, அவன் முதல் வாய் எடுக்கப் போகும்போது போனை அவன் முன்னால் வைத்தாள். சிவப்புக் கோடு போட்ட பக்கத்தையும் படம் பிடித்திருந்தாள்.

அவன் பார்த்தான். கை அப்படியே தட்டில் நின்றது.

"மம்மி..."

"கையெழுத்து நல்லா இருக்கு. டாடிது மாதிரியே வளைக்கிற."

"கிரேஸ் ஆன்ட்டி தான், வீக்எண்ட்னா எல்லாரும் வருவாங்கன்னு..."

"அவங்க பேர இழுக்காத. அவங்க எங்கிட்ட முகத்துக்கு நேரா நின்னு பேசினாங்க. நீ அதையும் செய்யல. போகாத மம்மின்னு எங்கிட்ட வந்து சொல்லியிருந்தா நான் யோசிச்சுக்கூட இருப்பேன்டா. எனக்குத் தெரியாம கோயிலுக்குப் போய், நான் அனுப்பிச்சேன்னு பொய் சொல்லிட்டு வந்திருக்க. ஏன்?"

க்ளென் எழுந்துவிட்டான். சோற்றுக் கையோடு ஜன்னலோரம் போய் நின்றான். இருபத்தேழு வயது ஆண்பிள்ளை, முதுகைக் காட்டிக்கொண்டு பேசினான்.

"நாலாந்தேதி டாடி பூசை. ஏழாந்தேதி நீ ஃப்ளைட். எட்டாந்தேதி போட்ல நின்னு போட்டோ போடுவ. என்னால பாக்க முடியாது மம்மி."

"ஏன் முடியாது? நான் சிரிச்சா உனக்கு என்னா?"

"நானும் பீச்ல தான் இருந்தேன். டாடி போன அன்னிக்கு நான் கோகர்ணால பீச்ல இருந்தேன். போன் ரூம்ல கெடந்துது. நீ இருவத்தி மூணு தடவ கூப்ட்டிருந்த. நான் தண்ணில குதிச்சிட்டு இருந்தேன். பொட்டி மூடறப்பதான் வந்து சேந்தேன். இப்ப நீயும் அதே மாதிரி, அதே வாரத்துல, கடல்... எனக்கு அது தப்பாவே தெரியுது."

பெர்னதெத்துக்கு ஒரு வருஷமாகப் புரியாமல் இருந்தது அந்த நிமிஷத்தில் புரிந்தது. இவன் ஏன் ஆபீஸ் அவுட்டிங் எதற்கும் போவதில்லை, கிரிக்கெட் விளையாட நண்பன் ஷ்ரேயாஸ் வந்து கூப்பிட்டாலும் ஏன் கதவைத் திறப்பதில்லை என்றெல்லாம் புரிந்தது. அவன்மேல் இருந்த கோபத்துக்கு நடுவிலேயே அவளுக்கு அழுகை முட்டியது. அதற்காகக் கோபத்தை விட்டுவிடவும் அவள் தயாராக இல்லை.

"இங்க பாரு க்ளென். அன்னிக்கு நான் பக்கத்துலயே இருந்தேன். ஷூவுக்கு லேஸ் கட்டிக்கிட்டு இருந்தவரு அப்டியே சாஞ்சாரு. கைய புடிச்சிட்டுதான் இருந்தேன். என்னால நிறுத்தி வெக்க முடிஞ்சுதா? நான் இங்க இருந்தும் அவரு போனாரு. நீ அங்க இருந்ததால போகல."

அவன் திரும்பவில்லை. தோள்கள் மட்டும் குலுங்கின.

"உனக்கு நீயே தண்டனை குடுத்துக்குற. வேணாம்னு சொல்றேன், கேக்கமாட்ட. ஆனா அதுல எனக்கும் பங்கு போடாத. எனக்கு அவரு எந்தத் தண்டனையும் குடுத்துட்டுப் போகல. நாலாந்தேதி காலையில ஆறு மணிக்குப் பூசை. கன்னடப் பூசை. அது முடிஞ்சதும் உங்க மாமா வாங்கி வெச்ச நீலப் புடவைய போர்த்துவான், நான் கட்டுவேன். ஏழாந்தேதி போவேன். போட்லயும் நிப்பேன். போட்டோவும் போடுவேன். உனக்குப் பாக்க முடியலேன்னா போன மூடி வெச்சுக்கோ."

"பதினாலாந்தேதி பூசை?"

"அதுவும் நடக்கட்டும். அக்கா கார்டு அடிச்சிட்டாங்க. ரெண்டு பூசை கெடச்சா டாடிக்குக் கசக்குமா?"

சொல்லிவிட்டுப் போனை எடுத்தாள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நாற்பத்தோரு பேர். மைக்கை அழுத்திக்கொண்டு நிதானமாகப் பேசினாள். கிளினிக்கில் டோக்கன் நம்பர் கூப்பிடுகிற அதே குரல்.

"எல்லாருக்கும் தோத்திரம். ரெமிஜியஸ் வருஷப் பூசை, அவரு எறந்த தேதியான நாலாந்தேதி, காலைல ஆறு மணிக்கு. கன்னடத்துல. வர்றவங்க வாங்க, இட்லி இருக்கும். வர முடியாதவங்க பதினாலாந்தேதி போங்க, கிரேஸ் அக்கா நடத்துறாங்க. நான் அன்னிக்கு மால்டால இருப்பேன். அங்கயும் கோயில் இருக்கு, அங்கயும் அவருக்காக வேண்டிக்குவேன். நன்றி."

நீல டிக்குகள் வரிசையாக விழுந்தன. ஐந்து நிமிஷம் கழித்துத் தம்பி குணசேகரின் பதில் வந்தது: 'அக்கா, முந்தின நாளே புடவையோட வந்துடறேன்.' கிரேஸ் அக்காவும் கேட்டுவிட்டாள் என்று தெரிந்தது.

க்ளென் வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தான். ஆறிப்போன உருண்டையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டான்.

"கன்னடப் பூசைல பதில் சொல்ல எனக்குத் தெரியாது" என்றான், தட்டைப் பார்த்தபடியே.

"எனக்கும்தான் தெரியாது. எல்லாரும் எந்திரிச்சா எந்திரி, முட்டி போட்டா முட்டி போடு. குழம்பு சுட வெச்சுத் தரட்டுமா?"

அவன் தலையை ஆட்டினான்.

சாயங்காலம் நாலு மணிக்கு ஆஞ்சலா கூப்பிட்டாள். அங்கே முற்பகல். எப்போதும் வீடியோவில் வந்து, சமையல்கட்டிலிருந்து ஜன்னலுக்கு வெளியே தெரிகிற கடல் வரை காட்டுகிறவள், பத்து நாளாக வெறும் குரலில்தான் பேசுகிறாள். போனில் கேமரா பழுது என்று சொல்லியிருந்தாள். பெர்னதெத் காலையிலிருந்து நடந்தது அத்தனையையும் கொட்டப் போனாள். ஆனால் ஆஞ்சலா முந்திக்கொண்டாள்.

"பெர்னி, ஒண்ணு சொன்னா கோச்சுக்காத. நீ இப்ப வர வேணாம்டி."

பெர்னதெத் ஃபிரிட்ஜைப் பார்த்தாள். முகப்பில் கண் வரைந்த மீன்பிடிப் படகுகளுக்கு ஒரு நாள், கோசோ தீவுக்கு ஒரு நாள் என்று ஆஞ்சலா கைப்பட எழுதி அனுப்பிய தாள், காந்தத்தில் ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏன்டி?"

"அதெல்லாம் போன்ல சொல்ல முடியாது. இங்க நெலமை சரி இல்ல. அடுத்த வருஷம் கனடாவுக்கு வா. நானே டிக்கெட்..."

அப்போது ஆஞ்சலாவின் பின்னாலிருந்து ஓர் ஆண்குரல் கேட்டது. கனத்த குரல். தெளிவான தங்கவயல் தமிழ்.

"சொல்லிட்டியா?"

பன்னிரண்டு வருஷமாக அந்த வீட்டில் ஆஞ்சலா ஒண்டிக்கட்டையாக இருக்கிறாள் என்றுதான் பெர்னதெத் நினைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் குரலை எங்கேயோ கேட்ட மாதிரியும் இருந்தது.

"ஆஞ்சலா, நல்லா கேட்டுக்கோ" என்றாள். "இன்னிக்கு என்னைய போகாதேன்னு சொல்ற மூணாவது ஆளு நீ. மொத ரெண்டு பேருக்கும் பதில் சொல்லிட்டு இப்பதான் உக்காந்தேன். எட்டாந்தேதி மத்தியானம் வந்து எறங்குவேன். அந்த ஆளையும் ஏர்போர்ட்டுக்குக் கூட்டிட்டு வா. பொட்டி கனமா இருக்கும்."